புகைச் சவுனாத் தகராறு

எனக்குச் சண்டை பிடிக்காது. என்னோடு சண்டை போட முயன்று அலுத்துப்போய்த்தான் மனைவி விவாகரத்துக் கேட்டாள். அதற்கும் சரி என்றேன். போகும்போது அவள் கதவை அறைந்து சாத்தினாள். எங்கள் இல்வாழ்க்கையில் எழுந்த பெரிய சத்தம் அதுதான்.

அதன் பிறகு பொழுது நிறைய மிஞ்சியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதியதை யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று ஓர் இணையக் கலைக்களஞ்சியம் இருக்கிறதே, அதில் பஞ்சாயத்துப் பண்ணப் போனேன். சம்பளம் கிடையாது, திட்டு தாராளமாகக் கிடைக்கும். ரத்தத் தொத்திறைச்சிக்கு லிங்கன்பெர்ரி ஜாம் தொட்டுக்கொள்வது முறையா என்று இரண்டு பேராசிரியர்கள் ஒருவர் வரியை ஒருவர் குளிர்காலம் முழுக்க அழித்துக்கொண்டிருந்தார்கள். "தொட்டுக்கொள்வோரும் உண்டு" என்று இரண்டே சொல்லில் முடித்துவைத்தேன். நான் கையில் எடுத்த வழக்கு தீராமல் போனதில்லை, ஆய்வாளரம்மா. கர்வமாகச் சொல்லவில்லை. எனக்கென்று வேறு எதுவும் இல்லாததால் சொல்கிறேன்.

அப்படித்தான் ஹில்காவும் ரைமோவும் என்னிடம் வந்து சேர்ந்தார்கள். ஒரே ஏரி, எதிரெதிர்க் கரை. இருவர் வீட்டிலும் புகைபோக்கி இல்லாத பழைய புகைச் சவுனா, அதாவது மரக்கட்டையால் கட்டிய நீராவிக் குளியல் குடிசை. பின்லாந்திலேயே இன்னும் புழக்கத்தில் இருக்கிற மிகப் பழைய புகைச் சவுனா எது? காலையில் அந்த வரியில் ஹில்காவின் சவுனா இருக்கும். மத்தியானம் ரைமோவுடையது இருக்கும். ஹில்காவிடம் தேவாலயப் பதிவு இருந்தது. ரைமோவிடம் மரக்கட்டையின் வளையங்களை எண்ணிப் பார்த்தவர் எழுதிய கட்டுரை இருந்தது. "மிகப் பழையவற்றுள் இரண்டு" என்று எழுதிப் பார்த்தேன். அன்றுதான் இருவரும் முதன்முறையாக ஒன்று சேர்ந்தார்கள், என்னைத் திட்டுவதற்கு.

ஒரு காலத்தில் படகேறிப் போய் ஒருவர் வீட்டில் ஒருவர் காபி குடித்தவர்களாம். இப்போது எதிர்க்கரையில் ஆள் தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. வசந்தத்தில் பேருந்து பிடித்து நேரிலேயே போனேன். அப்படிப் போவது எங்கள் வழக்கமில்லை.

ஹில்கா இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டு வைத்திருந்தார். நான் மென்றுகொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "அது சவுனாவா தம்பி? அவன் தாத்தா அதுல மீன் சுட்டுக்கிட்டிருந்தாரு. இன்னிக்கு இதை விட்டுக்குடுத்தா நாளைக்கு ஏரிக்கே பட்டா கேப்பான். அது ஒரு நாள் எரிஞ்சு போனாத்தான் எனக்கு நிம்மதி."

ரைமோ என்னைத் தன் சவுனாவிலேயே உட்கார வைத்தார். கன்னங்கரேலென்ற சுவர், நான் சாய்ந்த இடமெல்லாம் முதுகில் கரி. அவர் சிரித்தார். "அவ காட்டுற பதிவுல இருக்கிறது மாட்டுத் தொழுவம், தம்பி. அது எரிஞ்சாத்தான் அவ வாய் மூடும்." பிறகு கல்லில் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினார்; ஆவி குப்பென்று எழுந்தது. "எனக்குப் பிள்ளையில்ல, குட்டியில்ல. நான் போன பின்னால என் பேரைச் சொல்ல இந்தக் கரிக் குடிசை மட்டுந்தான் இருக்கு."

நல்ல மனிதர். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பும் பேருந்தில்தான் பொறி தட்டியது. இரு தரப்பும் தனித்தனியாக ஒரே தீர்வைச் சொல்லியிருக்கிறார்கள். பஞ்சாயத்து பண்ணுகிறவனுக்கு இப்படி வாய்ப்பது அபூர்வம். ஒன்றை மட்டும் எரித்தால் அது பாரபட்சம். இடையில் ஒரு நாள் விட்டால் அந்த ஒரு நாள் ஒருவர் ஜெயித்தவராகிவிடுவார். ஆகவே இரண்டும், ஒரே மாலையில். புகைச் சவுனா எரிவது இங்கே புதிதுமில்லை; எரியாமல் நிற்பதுதான் அதிசயம்.

நடுக்கோடைத் திருவிழா வசதியாக இருந்தது. ஊரே கரையில் சொக்கப்பனை கொளுத்திக்கொண்டிருக்கும்போது இன்னொரு புகையை யார் கவனிக்கப் போகிறார்கள்? ஒரு படகை வாடகைக்கு எடுத்தேன். எனக்குத் துடுப்புப் போட வராது. கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே சுற்றினேன். பெண்களுக்கு முன்னுரிமை என்று ஹில்காவின் சவுனாவில் தொடங்கினேன். பிர்ச் மரப்பட்டை அருமையாகப் பற்றுகிறது. பிறகு எதிர்க்கரைக்குப் போனேன்.

கலைக்களஞ்சியத்தில் அந்தச் சவுனாப் பக்கத்தை அதன் பிறகு இன்றுவரை ஒருவரும் தொடவில்லை. ஹில்கா வாரந்தோறும் ரைமோவின் கல்லறைக்குப் போய், கையோடு கொண்டுபோன காபியைக் குடித்துவிட்டு வருகிறாராம். கேட்டபோது கண் கலங்கிவிட்டது. எப்படியோ ராசியாகிவிட்டார்கள்.

முதல் வாக்குமூலத்தில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். ரைமோவின் சவுனாவுக்குள் ஆள் இருந்தது எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தேன். அந்த வரிக்கு ஆதாரமில்லை. படியில் அவருடைய ரப்பர் பூட்ஸ் ஜோடியாக இருந்தது. உள்ளே குறட்டைச் சத்தமும் கேட்டது; குளித்த இதமான சூட்டில் கண்ணயர்ந்திருப்பார். திரும்பிப் பார்த்தேன். ஹில்காவின் கூரை ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் நான் திரும்பிப் போயிருந்தால் ரைமோ ஜெயித்ததாக ஆகியிருக்கும். நடுவர் அப்படிச் செய்யக் கூடாது.

அவருடைய கருத்தைக் கேட்காமலும் நான் செய்யவில்லை. கதவோரம் நின்று, தூக்கம் கெடாதபடி மெல்ல, "ரைமோ, உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். எங்கள் கலைக்களஞ்சியத்தில் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று பொருள்.