பொய்மணிப் பெட்டியின் ஆசிரியைக்கு

மின்சாரத்தை மேசைமேல் அமர்த்தி மாணவரோடு பேச வைத்த மாண்பே! கம்பியையும் கணினியையும் கண்டு கலங்கி நின்ற பிள்ளைகளின் கைகளில் துணிவைத் தந்த தகைமையே! உருகும் ஈயத்தின் புகையிலும் உள்ளம் உருகாத உறுதியே! இருபத்தாறு ஆண்டுகள் இப்பள்ளிக்கு உழைத்து இன்று பணி நிறைவு பெறும் எங்கள் பட்டறை ஆசிரியையே! வணக்கம்.

மடல் என்றால் மணக்க வேண்டும் என்பது வழக்கம். பேனாவைக் கணக்கு ஆசிரியரிடம் கொடுத்தால் வழக்கம் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. "அவங்களோட அதிகமா சண்டை போட்டது நீங்கதான். நீங்களே எழுதுங்க, நீங்களே படிங்க" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு வாரமாக அந்த மனிதர் இதையே எழுதிக்கொண்டிருந்தார். நான்கு முறை எழுதி நான்கு முறை கிழித்தார்.

தங்கள் பட்டறையைப் புகழ்வது எளிது. உடைந்த பொம்மையின் மோட்டார், செத்துப்போன கைப்பேசியின் மின்கலம், யாரோ வீசிய வானொலியின் ஒலிபெருக்கி என்று ஊரார் குப்பையெல்லாம் தங்கள் அலமாரியில் குடியேறும். அவற்றைக் கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கருவியையும், தொட்டி நிரம்பினால் கத்தும் கருவியையும் பிள்ளைகள் செய்தார்கள். அதற்கான கணினி நிரலையும் அவர்களே எழுதினார்கள். "ஈயம் டீச்சர்" என்று அவர்கள் தங்களுக்கு வைத்த பெயர் தங்களுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். தங்கள் மேசை இழுப்பறையில் அந்தப் பெயரைத் தாங்களே ஒட்டி வைத்திருந்தீர்கள்.

தங்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதைச் செய்தாலும் இரண்டு அணிகள், இரண்டு பெட்டிகள். ஓர் அணியின் நிரலை மற்ற அணி எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. "ஒரே கணக்குக்கு ரெண்டு தடவை மார்க் போடுற மாதிரி இருக்கே டீச்சர்" என்று கணக்கு ஆசிரியர் கிண்டலடித்தார். "ஒண்ணு பொய் சொல்லலாம் சார். ரெண்டும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லாது" என்றீர்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், வேதியியல் கூடத்தில் எரிவாயு கசிந்தால் எச்சரிக்கும் பெட்டிகள் இரண்டை ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் எட்டுப் பேர் அப்படித்தான் செய்தார்கள். ஒன்றைக் கூடத்து வாசலில் மாட்டினீர்கள். மற்றது பட்டறையில் இருந்தது. பொதுத்தேர்வு நாள். அடுத்த அறையில் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் தேர்வு எழுதிக்கொண்டிருந்தது. கண்காணிப்பாளர் கணக்கு ஆசிரியர். முடிய இருபது நிமிடம் இருக்கையில் வாசல் பெட்டி அலறியது.

தாங்கள் ஓடி வந்தீர்கள். "எல்லாரையும் வெளிய அனுப்புங்க சார்."

"விளையாடுறீங்களா? எழுந்து போனா பரீட்சை செல்லாது. நாற்பது பேரோட வருஷம் டீச்சர் இது! அந்தப் பொம்மையை முதல்ல அணைங்க."

"வாடை வருது சார்."

"கெமிஸ்ட்ரி லேப்ல என்னைக்கு வாடை வரல?"

தாங்கள் பட்டறைக்கு ஓடினீர்கள். இரண்டாவது பெட்டியை எடுத்து வந்து வாசலில் வைத்தீர்கள். அது சத்தமே போடவில்லை. கணக்கு ஆசிரியர் வெற்றிப் புன்னகை பூத்தார். "உள்ள இருக்கிற சென்சார் சூடாகணும், ஒரு நிமிஷம்" என்றீர்கள். அந்த ஒரு நிமிடம் எங்களில் எவருக்கும் மறக்காது. உள்ளே நாற்பது பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. மணி கேட்டு ஓடி வந்த நாங்கள் வெளியே பெட்டியையே பார்த்தபடி நின்றோம். அடிக்கக் கூடாது என்று வேண்டியவர்களே எங்களில் அதிகம்.

அடித்தது. கணக்கு ஆசிரியரின் முகம் வெளுத்தது. பிள்ளைகளை அவரே விரட்டாத குறையாக மைதானத்துக்கு அனுப்பினார். "நான் பார்த்துட்டு வரேன், யாரும் வராதீங்க" என்று கூடத்துக்குள் தனியே போனார். திரும்பி வந்து, "ஒண்ணுமில்ல. எல்லாம் மூடித்தான் இருக்கு" என்றார்.

பிறகு நடந்தது ஊரறியும். தேர்வு செல்லாது என்றானது. பிள்ளைகள் ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதினார்கள். பெற்றோர் வாசலில் நின்று தங்களைப் பேசாத பேச்சு இல்லை. "பொய் மணியால் தேர்வுக்கு இடையூறு" என்று தங்கள் பணிப்பதிவேட்டில் ஏறியது. பட்டறைக்கு ஓராண்டு பூட்டு. பதவி உயர்வு கைக்கெட்டியும் வாய்க்கெட்டவில்லை. விசாரணையில் தாங்கள் சொன்னது ஒன்றே: "பிள்ளைங்க மேல பழி எழுதாதீங்க. தப்பு எங்கன்னு நான் கண்டுபிடிக்கிறேன்."

கண்டுபிடிக்கத்தான் பாடுபட்டீர்கள்! பூட்டு திறந்த நாள் முதல் ஒவ்வோர் ஆண்டும் முதல் பாடம் அதுதான். இரண்டு பெட்டிகளையும் மேசைமேல் வைப்பீர்கள். "இதுல தப்பு எங்கன்னு கண்டுபிடிங்க" என்பீர்கள். வரி வரியாக, கம்பி கம்பியாக எட்டு வகுப்புகள் தேடின. பிழை தேடுவதில் தங்கள் மாணவரை மிஞ்ச ஆளில்லை என்று இன்று பல தொழிற்சாலைகள் சொல்கின்றன. தாங்களோ அதைப் பெருமையாகச் சொன்னதே இல்லை. அந்தப் பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் தங்கள் முகம் வாடியதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

பொறுமைக்குப் பொருளான பெருந்தகையே! இனி மணியோசைக்கு எழ வேண்டாத காலைகளும், மயிரிழைக் கம்பியும் தெளிவாய்த் தெரியும் கண்களும், நடுங்காத விரல்களும் தங்களுக்கு நெடுநாள் நிலைக்கட்டும்! பேரப்பிள்ளைகள் பிரித்துப் போடும் பொருள்களையெல்லாம் பூட்டித் தரும் பேறு பெற்றுப் பல்லாண்டு வாழ்க!

இங்ஙனம்,
தங்களோடு பணியாற்றிய ஆசிரியர்களும் அலுவலர்களும்

சபையோர் பொறுத்தருள வேண்டும். மேலே உள்ள கையெழுத்துகள் நேற்று இடப்பட்டவை. இனி வருவது இன்று காலை நான் சேர்த்தது. இதில் மற்றவர்களுக்குப் பங்கில்லை.

அன்று தேர்வின் நடுவே மாற்று ஆசிரியர் வந்து எனக்குப் பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தார். வேதியியல் கூடத்து அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். நேரமாகிவிட்டது என்று பதறி, சிறு தீயிலேயே விட்டுவிட்டு ஓடினேன். தண்ணீர் பொங்கித் தீயை அணைத்திருக்கிறது. இரண்டாவது பெட்டி அடித்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. உள்ளே போனபோது அடுப்பின் எரிவாயுக் குழாய் திறந்திருந்தது. மூடினேன். ஜன்னல்களைத் திறந்தேன். பாத்திரத்தை அலமாரிக்குப் பின்னால் ஒளித்தேன். பிறகு வெளியே வந்து ஒண்ணுமில்லை என்றேன்.

மறதி யாருக்கும் வரும். ஒன்பது வருடம் வாயைத் திறக்காமல் இருந்தது மறதி அல்ல. வேலை போய்விடும் என்று முதலில் பயந்தேன். பிறகு தங்கள் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். இதையே எழுதிக் கையெழுத்திட்டு, தங்கள் பதிவேட்டைத் திருத்தும்படி கேட்டு, தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டுத்தான் இந்த மேடைக்கு வந்தேன். என்மேல் எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் ஏற்கிறேன். இந்த மடலைத் தாங்கள் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டியதில்லை.

பெட்டி செய்த எட்டுப் பெண்களில் மூன்று பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். டீச்சர், உங்க பிள்ளைங்க எழுதினதுல ஒரு தப்பும் இல்ல. இனிமே தேடாதீங்க.

கணக்கு ஆசிரியர்