ஏழாம் கட்டிலின் மூச்சுக் கணக்கு

இல்ல டீச்சர், புகாரெல்லாம் ஒண்ணும் இல்ல. புகார்னு சொன்னாத்தான் நீங்க உடனே வருவீங்கன்னு அந்த ஆயாம்மாகிட்ட அப்படிச் சொல்லி அனுப்பினேன். மில்லுல முப்பத்தோரு வருஷம் சங்கம் நடத்தினவன் நான். அதிகாரிங்கள எப்படி வரவைக்கணும்னு தெரியாதா? கோவிச்சுக்காதீங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. ஒரு கால் ஆடும். சுவத்துப் பக்கம் தள்ளிப் போட்டா ஆடாது. ஆறு நாளா இந்தக் கட்டில்ல படுத்து அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஃபிட்டர் வேல பாத்தவன் கண்ணுல ஆடுற சாமான் பட்டா மனசு ஆறாது.

மணி என்ன? பன்னெண்டேகாலா? நல்லது, நேரம் இருக்கு. மூணு மணிக்குத்தானே உங்க கமிட்டி?

எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா என்ன சொல்றது. இந்த வார்டுல எனக்குத் தெரியாம கொசுகூடக் கடிக்காது டீச்சர்.

ஆமா, அந்தப் பொண்ணப் பத்தித்தான். உங்க மூணாம் வருஷ மாணவி. நான் அவளுக்குக் கடிகாரம்னு பேரு வச்சிருக்கேன். சட்டையில தலைகீழா ஒரு கடிகாரத்தக் குத்திக்கிட்டு, நம்ம கையப் பிடிச்சதும் அதையே முறைச்சுப் பாப்பா பாருங்க, புருஷன் லேட்டா வந்தா பொண்டாட்டி பாக்குற மாதிரி. நாங்க நாடி கொடுக்குறதா, மன்னிப்புக் கேக்குறதான்னே தெரியாது.

சேச்சே, அவ என்கிட்ட சிபாரிசு கேக்கல. அழவும் இல்ல. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும். எல்லாம் இந்தப் புத்தகத்துலேருந்து தெரிஞ்சுக்கிட்டதுதான். படிக்க ஏதாவது குடும்மான்னு கேட்டேன். பையத் துழாவிட்டு இதக் குடுத்தா. உங்க கல்லூரி விதிமுறைக் கையேடு. எண்பத்திநாலு பக்கம். முழுசாப் படிச்சது உலகத்துலயே ரெண்டு பேராத்தான் இருக்கும், எழுதினவரும் நானும். அதுலயும் எழுதினவரு மேல எனக்குச் சந்தேகம் உண்டு. நாப்பத்தோராம் பக்கத்துல ஒரு வாக்கியம் ஆரம்பிக்குது, முடியவே இல்ல. மனுஷன் அப்படியே தூங்கிட்டாரு போல.

சிரிச்சிட்டீங்க. நல்லது.

நான் எட்டாம் வகுப்போட சரி டீச்சர். மிச்சப் படிப்பெல்லாம் துண்டு நோட்டீஸ்லதான். சட்டம், சரித்திரம், பூமி எப்படிச் சுத்துது, முதலாளி எப்படிச் சுத்துறான், எல்லாமே நாலு பக்க நோட்டீஸ். அப்புறம் நானே எழுத ஆரம்பிச்சேன். அதனால விதின்னு ஒண்ணு கையில கெடச்சா எனக்குக் கை அரிக்கும். எங்கயாவது ஓட்ட இருக்கும், புகுந்து வெளிய வந்துடலாம்னு தேடுவேன். இதுலயும் தேடினேன். பக்கம் பத்தொன்பது, ஒவ்வொரு பாடத்துலயும் எழுபத்தஞ்சு மார்க் எடுக்கணும். எழுபத்திநாலேமுக்கால் எடுத்தாலும் எழுபத்தஞ்சா ஆக்க மாட்டோம்னு அதுக்குன்னே தனியா ஒரு வரி. அடேயப்பா! எங்க மில் நிர்வாகம்கூட இவ்வளவு கறாரா எழுதினதில்ல. கடிகாரம் போன பருவத்துல மருந்துப் பாடத்துல எழுபத்திரண்டு. உடனே கண்காணிப்பு நிலை. பக்கம் இருபத்திமூணு, கண்காணிப்புல இருக்கறவங்க வார்டு வேலையில ஒரே ஒரு தடவ திருப்தியில்லன்னு வாங்கினாக்கூட கல்லூரிய விட்டுப் போயிடணும். அந்த வரிக்குக் கீழ அவ பென்சிலால கோடு போட்டிருக்கா. ரொம்ப லேசா. அழிச்சா வரியே போயிடும்னு நெனச்சாளோ என்னவோ.

இருங்க, நான் இன்னும் சண்ட போடவே ஆரம்பிக்கல. விதி தப்புன்னு சொன்னேனா? மருந்து அளவு தெரியாதவ எனக்கு ஊசி போடக் கூடாது, நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஓட்ட தேடினேன், இல்ல. ஒழுங்காத்தான் எழுதி வச்சிருக்கீங்க. எனக்கு எவ்வளவு ஏமாத்தமாப் போச்சு தெரியுமா?

கொஞ்சம் அந்தத் தண்ணிய எடுங்க. ம். நன்றி.

மூணு தலகாணியா? அது... சாஞ்சு உக்காந்து படிக்க வசதியா இருக்கும்னு வாங்கி வச்சுக்கிட்டேன். பக்கத்துக் கட்டில் டிரைவர் தலகாணி ஒண்ணு. அவருக்கு உட்காந்தே தூங்கிப் பழக்கம்.

விஷயத்துக்கு வர்றேன். முந்தாநாள் காலையில என்ன நடந்துச்சு? கடிகாரம் வந்தா. காய்ச்சல் பாத்தா, ரத்த அழுத்தம் பாத்தா, நாடி பாத்தா. கால்மாட்டுல தொங்குதே அட்ட, அதுல எழுதினா. மூச்சுக்குன்னு ஒரு வரிசை இருக்குல்ல, அதுல இருபத்தெட்டுன்னு எழுதினா. நீங்க வந்தீங்க. அட்டயப் பாத்தீங்க. அதுக்கு முன்னால மூணு நாளும் அந்த வரிசையில என்ன இருந்துச்சு? இருபது. இருபது. இருபது. கீழ வரைக்கும் இருபது. டிரைவருக்கும் இருபது. அவருக்கு அந்தப் பக்கம் அஞ்சாம் கட்டில் பெரியவருக்கும் இருபது. காலிக் கட்டில்ல அட்ட மாட்டியிருந்தா அதுக்கும் இருபது போட்டிருப்பாங்க. யாரையும் குத்தம் சொல்லல டீச்சர், நாப்பது பேருக்கு ரெண்டு நர்ஸு, ஒவ்வொருத்தருக்கும் முழுசா ஒரு நிமிஷம் நின்னு எண்ண முடியுமா? அத வச்சே நான் பன்னெண்டு நோட்டீஸ் எழுதலாம். ஆனா இப்ப அது பேச்சில்ல.

நீங்க அப்படியே விட்டுடல, அதுக்கு உங்களுக்கு ஒரு கும்பிடு. நீங்களே என் கையப் பிடிச்சு நின்னீங்க. முழுசா ஒரு நிமிஷம். பதினெட்டுன்னு வந்துச்சு. இதோ இந்தக் கால்மாட்டுல நின்னுதான் அவகிட்டக் கேட்டீங்க. நான் கண்ண மூடியிருந்தேன், காத மூடல. எண்ணாமலே எழுதினியான்னு கேட்டீங்க. எண்ணினேன் டீச்சர்னு சொன்னா. ரெண்டாவது தடவ கேட்டீங்க. எண்ணினேன் டீச்சர். அவ்வளவுதான் அவ வாதம். நீங்க திருப்தியில்லன்னு எழுதிட்டீங்க, இன்னிக்குக் கமிட்டி. எனக்குன்னா கை துடிச்சுது. என் ஆளா இருந்தா இப்படி ஒத்தை வரியில பேச விட்டிருப்பேனா?

நான் ஒண்ணு கேக்குறேன். எண்ணாம எழுதுறவ எதுக்கு இருபத்தெட்டுன்னு எழுதணும்? இருபதுன்னு எழுதிட்டுப் போயிருந்தா யாரு கேக்கப் போறா? திருடன் யாராவது மணி அடிச்சுட்டா உள்ள போவான்?

ம். அதுவும் சரிதான். எண்ணாம எழுதல, தப்பா எண்ணினான்னு வச்சுக்கிட்டாலும் திருப்தியில்லதான். பத்து மூச்சு தப்பா எண்றவகிட்ட நோயாளிய ஒப்படைக்க முடியாது. ஒத்துக்குறேன். நீங்க சங்கத்துல இருந்திருந்தா எனக்குப் பெரிய தொந்தரவா இருந்திருப்பீங்க.

மணியப் பாக்காதீங்க டீச்சர், முடிக்கப் போறேன். ஒரு கத சொல்லிட்டு. அந்தக் காலத்துல மில் கேட்டுக்கு முன்னால ஒன்பது நாள் உண்ணாவிரதம் இருந்தேன். தினம் காலையில ஒரு டாக்டர் வருவாரு. நல்ல மனுஷன்தான், ஆனா அவரு முடியலன்னு எழுதிட்டா போலீஸ் வந்து தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில போட்டு ஊசி ஏத்திடும். போராட்டம் அன்னிக்கே படுத்துடும். அதனால அவரு எதப் பாக்குறாருன்னு நான் பாத்தேன். நாடி புடிப்பாரு. அது முடிஞ்சதும் கைய விட மாட்டாரு. விரலு என் மணிக்கட்டுல, கண்ணு என் நெஞ்சுல. மூச்ச எண்றேன்னு சொன்னா ஆளு மூச்ச மாத்திடுவான்னு, நாடி பாக்குற மாதிரியே நிக்கறது. உங்க பாடத்துலயும் அப்படித்தானே சொல்லித் தர்றீங்க? கடிகாரம்கூட அப்படித்தான் செய்வா. மூணாம் நாளே நான் கண்டுபிடிச்சுட்டேன். அப்புறம் அவரு கையப் பிடிச்சதும் மனசுக்குள்ள எங்க நெசவுத் தறி ஓட்டத்த நெனச்சுக்குவேன். இழு, நிறுத்து, விடு. இழு, நிறுத்து, விடு. ஒன்பதாம் நாளும் பதினெட்டு. டாக்டரு அசந்து போயிட்டாரு. நிர்வாகம் பத்தாம் நாள் பேச்சுவார்த்தைக்கு வந்துச்சு.

என்ன டீச்சர், முகம் மாறிடுச்சு?

இருங்க, எழுந்திரிக்காதீங்க. முழுசாச் சொல்லிடுறேன். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு சங்கத்தோட அம்பதாம் ஆண்டு விழா. கொடி ஏத்துன நாலு பேர்ல உயிரோட இருக்கறவன் நான் ஒருத்தன். புதுச் செயலாளரு போன்லயே சங்கம் நடத்துறவரு, கூட்டம் கூப்பிடுறதும் அதுல, கண்டனம் தெரிவிக்கிறதும் அதுல. அவரு எனக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்காரு தெரியுமா? அஞ்சு நிமிஷம். முப்பத்தோரு வருஷத்துக்கு அஞ்சு நிமிஷம். நடனம் ஆடுற பிள்ளைங்களுக்குப் பத்து. கேட்டா, ஐயா உங்களுக்கு உடம்புக்கு முடியாதுல்லன்னு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவாவது மேடையேறி நிக்கணும்னு எனக்கு வெறி. டிஸ்சார்ஜ் இன்னிக்குத்தான்னு பெரிய டாக்டர் மொதல்லயே சொல்லிட்டாரு, அட்டயில எல்லாம் சரியா இருந்தா.

முந்தாநாள் கடிகாரம் வந்தப்ப நான் அரைத்தூக்கத்துல இருந்தேன். அவ கையப் பிடிச்சதே தெரியல. முழிச்சப்ப அவ கண்ணு என் நெஞ்சுலதான் இருந்துச்சு, உதடு லேசா அசைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. எண்ணிக்கிட்டு இருந்தா டீச்சர். அப்புறம் நீங்க வந்தீங்க. அப்ப நான் நல்லா முழிச்சுக்கிட்டேன்.

இழு, நிறுத்து, விடு.

நீங்க அந்தப் பக்கம் போனதும் தலகாணியில முகத்தப் புதைச்சுக்கிட்டு நாய் மாதிரி இரைச்சேன். டிரைவர் சாட்சி. அவருதான் தன் தலகாணியக் குடுத்தாரு. படுத்தா மூச்சு முட்டுது, அதான் மூணு. படிக்கறதுக்கு ஒண்ணே போதும்.

திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. நிர்வாகத்துகிட்டத் திட்டு வாங்குறது எனக்குப் புதுசில்ல, நியாயமாத் திட்டு வாங்குறதுதான் புதுசு.

அன்னிக்கே ஏன் சொல்லலன்னா, சொன்னா டிஸ்சார்ஜ் நின்னுடும். அஞ்சு நிமிஷம் போயிடும். ஒரு பொண்ணுக்கு ஒரு மார்க் கொறையும், அவ்வளவுதானேன்னு நெனச்சேன். பக்கம் இருபத்திமூண அப்ப நான் படிக்கல. நேத்துக் காலையில அவ வந்தா, எப்பவும் போல போர்வைய மாத்தினா. கோவமே இல்ல. அப்புறம் ரொம்ப மெதுவாக் கேட்டா, ஐயா, நேத்து உங்களுக்கு மூச்சு வாங்குச்சா? இல்லம்மா, நான் குதிர மாதிரி இருக்கேன்னு சொன்னேன். அப்ப எனக்குத்தான் எண்ணத் தெரியல போலன்னா. சொல்லிட்டு, அந்தக் கடிகாரத்தக் காதுல வச்சு ஓடுதான்னு பாத்தா டீச்சர். அப்புறம்தான் படிக்க ஏதாவது குடும்மான்னு கேட்டேன், அவ மூஞ்சியப் பாக்க முடியாம. அவ இதக் குடுத்தா.

எத்தன நோட்டீஸ் எழுதியிருப்பேன், உன் கண்ணால பாத்தத நம்பு, மேல இருக்கறவன் சொல்றான்னு மாத்திக்காதன்னு. ஒருத்தி நம்பினா. அவளோட கண்ண நானே பிடுங்கி வச்சுக்கிட்டேன், நடனத்துக்கு நடுவுல அஞ்சு நிமிஷத்துக்காக.

இந்தக் காகிதத்தப் பிடிங்க. இல்ல, முன்பக்கம் வேணாம், அது சாயங்காலப் பேச்சு. திருப்புங்க. கமிட்டிக்கு நேத்தே எழுதிட்டேன். நடந்தது, நாள், நேரம், டிரைவர் கைநாட்டோட. வெறும் பதினோரு வரி. வாழ்க்கையில நான் எழுதினதுலயே சின்ன நோட்டீஸ் இதுதான், எதிர்த்து எழுத ஆள் கெடைக்கல, நானேதான் இருந்தேன்.

பேச்சா? இருக்கறது ஒரு காகிதம்தானே. எடுத்துட்டுப் போங்க. செயலாளரு என் அஞ்சு நிமிஷத்தயும் சேத்து அந்தப் பிள்ளைங்களுக்குக் குடுக்கட்டும், நல்லா ஆடட்டும்.

இருங்க, காகிதத்த மட்டும் நம்பாதீங்க. கையப் பிடிங்க. நாடி பாக்குற மாதிரியெல்லாம் நடிக்க வேணாம், நமக்குள்ள என்ன. மூச்சையே பாருங்க. நான் தறிய நெனைக்க மாட்டேன். பேசினா எண்ண முடியாதுல்ல, இதோ வாய மூடிக்கிறேன். மில் கேட்டுல தடியடி நடந்தப்பகூட மூடாத வாய். ஆரம்பிங்க.

...

முடிஞ்சுதா? எவ்வளவு?

முப்பதா! அடடா. கடிகாரம் எண்ணினப்ப இருபத்தெட்டுத்தான் டீச்சர், அத மாத்திடாதீங்க. அந்த ரெண்டு, இப்ப உங்ககிட்டச் சொல்லும்போது கூடினது.