ஆர்டித்தோட ஆமையைத் திருடினவன்

...இல்லம்மா, ‘காணாமப் போச்சு’ன்னு எழுதாத. அத அடி. காணாமப் போறதுக்கு அது என்ன சாவியா, மூக்குக்கண்ணாடியா? ‘திருட்டு’ன்னு எழுது. சந்தேகப்படுற ஆளுன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல டெல்பர்ட் ப்ரூயிட்னு எழுதிக்க. இதோ இந்த வேலிக்கு அந்தப் பக்கந்தான் இருக்கான், வெலாசங்கூடத் தேட வேண்டாம். மெதுவாப் பேசணுமா? எதுக்கு, கேக்கட்டும். கேக்கணும்னுதானே பேசறேன்.

கொஞ்சம் இப்படித் தள்ளி நில்லும்மா, அந்தப் பொக உன் மொகத்துல அடிக்குது. ஒண்ணுமில்ல, எலக் குப்ப. நேத்து ராத்திரி தூறல் போட்டுதுல்ல, வெளியில எதையும் எரிக்கக் கூடாதுன்னு கவுண்டியில போட்டிருந்த நெருப்புத் தடைய எடுத்துட்டாங்கன்னு ரேடியோல சொன்னான். நீ வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் அந்தக் கோடியில பத்த வச்சேன். ஈரம், பிடிக்கவே மாட்டேங்குது. பொகஞ்சுக்கிட்டுக் கெடக்கட்டும், டெல்பர்ட் வீட்டுப் பக்கந்தான் காத்து.

நீ சிரிப்ப அடக்கறது தெரியுது. ஆம திருடு போனதுக்குப் போலீசக் கூப்பிட்டிருக்கான் பாருன்னு. உங்க ஆபீஸ்ல போன எடுத்த பொம்பள மூணு தடவ கேட்டா, ஆமையா சார், ஆமையான்னு. ஆமா, ஆம. ஆம புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாங்க. ஆம புகுந்து முப்பத்தெட்டு வருஷமாச்சு, எங்களுக்கு ஒண்ணும் ஆகல. அது போனப்புறந்தான் அமீனா வந்து நிக்கிது. உன்னச் சொல்லல, தப்பா எடுத்துக்காத.

இது சும்மா ரோட்ல போற ஆம இல்ல, என் பொண்டாட்டி ஆர்டித்தோடது. தலையையும் காலையும் உள்ள இழுத்துக்கிட்டு, பொட்டிய மூடற மாதிரி அப்படியே மூடிக்கும், அந்த ஜாதி. அவளுக்குப் பன்னெண்டு வயசுல அவங்கப்பா மேய்ச்சக் காட்டுலேருந்து தூக்கிட்டு வந்து குடுத்தாரு. அடி ஓட்டுல கத்தியால அவ பேரோட மொதல் எழுத்தும் வருஷமும் கீறியிருக்காரு, அப்பல்லாம் எல்லாரும் அப்படித்தான் கீறுவாங்க. மொகம் சபையில காணிக்கத் தட்டு நீட்டற டீக்கன் மாதிரி கடுகடுன்னு இருக்குன்னு, டீக்கன்னே பேரு வச்சாச்சு. அப்புறம் ஒருநாள் டீக்கன் குழி தோண்டி நாலு முட்ட போட்டுச்சு. பேர மாத்தேன்டின்னேன். மாட்டேன்னுட்டா.

கல்யாணத்தப்ப ஒரு பொட்டி துணி, ஒரு பியானோ ஸ்டூல், அந்த ஆம, இதோடதான் வந்தா. பியானோ வரல, ஸ்டூல் மட்டும். சீனியாரிட்டி பாத்தா டீக்கன் மொதல்ல, நான் ரெண்டாவது. சரி விடு, அது கெடக்கட்டும்.

இப்ப என்னன்னா, அவளுக்கு மொழங்கால் மாத்தற ஆபரேஷன். மூணு வாரமா ஃபேயட்வில்ல தங்கச்சி நேடின் வீட்ல கெடந்தா. இன்னிக்கு நாலு மணிக்கு நேடின் கார்ல கொண்டாந்து விடறா. மணி என்னம்மா? மூணே காலா? ஆச்சு. ஆபரேஷனுக்குக் கட்டில்ல தள்ளிட்டுப் போறப்ப என் கையப் பிடிச்சா. ஏதோ சொல்லப் போறான்னு குனிஞ்சேன். “ஹாலிஸ், நான் வர்றப்ப டீக்கன் இருக்கணும்.” அவ்வளவுதான், தள்ளிட்டுப் போயிட்டாங்க. மயக்க மருந்துக்குப் போற மனுஷி புருஷன்கிட்ட சொல்ற வார்த்தையா இது? நானும் இருக்கும்மான்னுட்டேன். வாக்குக் குடுத்துட்டேன்.

நீயே வந்து இந்தக் கூண்டப் பாரு. இதுலேருந்து அது தானாப் போயிருக்கும்னு யாராவது சொன்னா அவன் கூண்டு கட்டினதில்லன்னு அர்த்தம். ஆம சாதுன்னு நெனைக்காத, ஏறும். மொதல்ல கோழிக் கம்பிதான் அடிச்சேன், நகத்த மாட்டி மாட்டி ஏறி அந்தப் பக்கம் குதிச்சிடுச்சு. அப்புறந்தான் தேவதாருப் பலக, பன்னெண்டடிக்கு எட்டடி. ரெண்டடி மேல, ஒரு அடி மண்ணுக்குள்ள, ஏன்னா தோண்டும். மேல உள்பக்கமா விளிம்பு. நாலு மூலைக்கும் முக்கோணப் பலக, ஏன்னா மூலையில முதுகக் குடுத்து ஏறும். அதுக்கு மேல கம்பி வலை மூடி, ரெண்டு கொக்கி. ஒரு கொக்கின்னா ரக்கூன் தெறந்துடும், அந்த ராத்திரித் திருட்டு மிருகத்துக்கு நம்மள மாதிரி கை இருக்கு. அந்த ரக்கூன் வந்திருந்தா ரத்தம் எங்க? ஓடு எங்க? கொக்கி போட்டது போட்டபடி இருந்துச்சு. எழுதிக்கம்மா அத, முக்கியம்.

இந்த மண்ணத் தொட்டுப் பாரு. சும்மா தொடு. ரெண்டடி தோண்டி, மணலக் கலந்து, மூணு நாள் உக்காந்து சல்லடையில சலிச்சுப் போட்டது. கல்லு இருந்தா தோண்டறப்ப அடி ஓட்டக் கீறும். பட்டாணி அளவு ஒரு கல்லு இதுல காட்டு, என் பேர மாத்திக்கறேன்.

அந்தக் கூர போட்ட குட்டி வீடு? கேப்பன்னு தெரியும். குளிருக்குப் படுக்க. செவுத்துக்குள்ள பஞ்சு அடச்சது, நான் படுக்கற ரூம்ல அது கெடையாது. பதினோரு வருஷமா ஒரு தடவகூட உள்ள போனதில்லன்னு ஆர்டித் சொல்றா. எலக் குவியல்ல போய்ப் பொதஞ்சுக்குமாம். வீடு கட்டிக் குடுத்தா எவனாவது குப்பையில படுப்பானா? அவளுக்கு என் வேலையில ஒரு குத்தம் சொல்லணும். கட்டறது நான், பாத்துக்கறது அவ, நான் குளிர்காலத்துல இந்தப் பக்கமே வர மாட்டேன்.

பாத்துக்கறதுன்னா என்ன வேலன்னு இந்த மூணு வாரந்தான் தெரிஞ்சுது. ஃபிரிட்ஜ் மேல ஒரு காயிதம் ஒட்டிட்டுப் போனா, ஒம்போது வரி. ஒண்ணு, தண்ணித் தட்ட தெனமும் தேச்சுக் கழுவு. ஏன்னா குடிக்கற தண்ணியிலதான் அது வெளிக்குப் போகும். நான் கழுவி வச்சு முதுகத் திருப்பறதுக்குள்ள திரும்பவும் போகும், என்னையப் பாத்துக்கிட்டே போகும். ரெண்டு, ஸ்ட்ராபெரி, காளான், அதுவும் அழுகாதது. நான் மூணு வாரமா டப்பா பீன்ஸ் தின்னுட்டிருக்கேன். மூணு, மண்புழு, காலங்காத்தால தோண்டு. நாலாவது என்னமோ சுண்ணாம்புச் சத்து, அஞ்சாவது தண்ணி தெளி. ஆறாவதுலேருந்து எல்லாத்துக்கும் அடிக்கோடு போட்டிருந்தா. அடிக்கோடு போட்டா நான் படிக்கறதில்ல. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?

டெல்பர்ட்டா? அதுக்குத்தான் வர்றேன். சனிக்கெழம. அவ வர்றான்னு, சரி, ஒரு தடவையாவது அசந்து போகட்டும்னு கூண்டச் சுத்தம் பண்ணினேன். மொழங்கால் அளவுக்கு எல, வருஷக் கணக்கா சேத்து வச்சிருக்கா. அடியில கறுப்பா, காளான் பூத்து, நாத்தம். அத்தனையும் அள்ளி, ஒத்தச் சக்கரத் தள்ளுவண்டியில பதினாலு நடை, தெரியுமா, அந்தா பொகையுதே, அங்க கொட்டினேன். கடையிலேருந்து புது மரச்சீவல் ஆறு மூட்ட வாங்கி விரிச்சேன். பாரு எப்படி இருக்கு, ஓட்டல் வாசல் மாதிரி. குப்பைக்குத் தீ வைக்கலாம்னு போனா, வேலி மேல இவன் தல. கையில தண்ணிக் குழா. “ஹாலிஸ், தடை இருக்கு, வச்சேன்னா ரிப்போர்ட் பண்ணுவேன்.” இவன் தொண்டர் தீயணைப்புப் படையில இருக்கான். ஊர்ல மூணு வருஷமா ஒரு அடுப்புகூடத் தப்பா எரியல, ஆனா அந்தத் தொப்பிய வண்டி சீட்ல வச்சுக்கிட்டேதான் சுத்துவான். சனி, ஞாயிறு, திங்கள், மூணு நாள் என் குப்பையக் காவல் காத்தான். வேல வெட்டி இல்லாதவன்.

ஞாயித்துக்கெழம அந்தக் குட்டி வீட்டுக் கூரையத் தூக்கிப் பாக்கறேன், டீக்கன் இல்ல. கூண்டு முழுக்கத் துழாவினேன், இல்ல. வேற யாரு? திங்கக்கெழம நேரா அவன் வீட்டுக்குப் போயி, அவன் பொண்டாட்டி வான்டா முன்னாடியே கேட்டேன். தேடிக்கன்னான். தேடினேன். கட்டிலுக்கு அடியில, துணி மெஷின்ல, ஃப்ரீசர்ல. ஆமா, ஃப்ரீசர்ல. மான் கறி, கெளுத்தி மீனு. கெளுத்தி நானும் அவனும் சேந்து பிடிச்சது. இருபத்தாறு வருஷமா ஒரே மீன்பிடிப் படகு, பாதி அவனோடது பாதி என்னோடது. என் பாதிய அறுத்துக் குடுன்னுட்டேன். வாசல்ல நிக்கறப்ப ஏதோ சொல்ல வந்தான், “ஹாலிஸ், அந்த எல இருக்குல்ல...”ன்னு. எலயப் பத்திப் பேசாதடான்னு கதவ அறஞ்சு சாத்திட்டு வந்துட்டேன்.

கடைசியா எப்பப் பாத்தேனா? வெள்ளிக்கெழம சாயங்காலம். எலக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நின்னுச்சு. பின்பக்கந்தான் தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி ஒரு வாரமா சாப்பிடல, ஆர்டித் இல்லாத கோவம்.

எலயில ஏதாவது இருந்துச்சாவா? என்ன இருக்கும், எலதான். ஒரே ஒரு தடவ மண்வெட்டியில டொக்குன்னுச்சு, ஒரு கல்லு. இவ்ளோ பெருசு, உருண்டையா, மண்ணு அப்பிக்கிட்டு. அப்படியே அள்ளி வண்டியில...

என்னம்மா? கல்லுதான். கல்லுன்னா கல்லு. மண்ணுல கல்லு இருக்காதா?

நான் சலிச்ச மண்ணு.

மூணு நாள் உக்காந்து சலிச்சேன்.

ஐயோ. டெல்பர்ட். டெல்பர்ட்! குழாயத் தொறடா! நீ அந்தக் கோடியப் பிரிச்சுத் தள்ளும்மா, பூட்ஸால மிதிக்காத, கையால, கையால. இந்தப் பக்கம் சுடல. இங்க சுடுது. எந்த நடையில கொட்டினேன்? பதினாலு நடைல எது? மொதல்ல அந்தப் பக்கம் கொட்டினேன், அப்புறம்... டேய், என் மேல அடிக்காதடா, நெருப்பு மேல அடி. சரி என் மேலயே அடி, நிறுத்தாத. சாம்பலா இருக்கே. இங்கெல்லாம் சாம்பலா இருக்கே. கர்த்தாவே, அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன். என் கையப் பிடிச்சாளே. இரு, இரு. இங்க என்னமோ. இரு.

இதுதான். கறுப்பா இருக்கு. துடைச்சா போகுது, கரிதான். அடியப் பாரு, அவங்கப்பா கீறினது. மூடியிருக்கும்மா. மூடியிருந்தா உசிரு இருக்குன்னு அர்த்தமா, இல்ல... ஆர்டித்துக்குத்தான் தெரியும். எனக்கு எதுவுந்தான் தெரியாதே. முப்பத்தெட்டு வருஷம் ஒரே வீட்ல இருந்தும் எனக்கு ஒண்ணும் தெரியாது. டீக்கன். ஏய் டீக்கன். தண்ணிய நிறுத்துடா கொஞ்சம், சத்தம் கேக்க மாட்டேங்குது.

உஸ்ஸுங்குது. கேட்டியாம்மா? உஸ்ஸுன்னுச்சு. மூக்கு தெரியுது. கண்ணத் தெறக்குது. பாக்கறதப் பாரு, அதே பார்வ, காணிக்கத் தட்ட நீட்டற பார்வ. கீழ போட்டுடுவேன். இரு, உக்காந்துக்கறேன்.

அந்த ஆறாவது வரி என்னன்னா கேக்கற? போய்ப் படிக்கவே வேண்டாம்மா. இப்ப எனக்கே தெரியுது.

டெல்பர்ட், குழாயக் கீழ போட்டுட்டு வாடா. நீ மட்டும் சனிக்கெழமயே என்னையத் தீ வைக்க விட்டிருந்தா, அன்னிக்கு எல காஞ்சு சருகா இருந்துச்சு, ஒரே குப்புன்னு... சரி. படக அறுக்க வேண்டாம். ஃப்ரீசரத் தெறந்தது தப்பு. வான்டாகிட்டயும் வந்து சொல்றேன். இன்னிக்கு இல்ல, நாளைக்கு.

நீ ஏம்மா பேனாவ மூடற? எழுதிக்க. அந்தக் கட்டத்துல டெல்பர்ட் பேர அடி. ஹாலிஸ் டக்கெட்னு எழுது. வெலாசம் மேல இருக்கறதுதான். எழுதினியா? நல்லா அழுத்தி எழுது.

அது என்ன சத்தம்? சரளக்கல்லு மேல டயரு. நாலுன்னாளே, நாலாகலியே இன்னும். நேடின் எப்பவும் இப்படித்தான், எங்கயும் அர மணி முன்னாடி வந்து நிப்பா. கார் ஜன்னல எறக்கியாச்சு, ஆர்டித் பொகையப் பாத்துட்டா. கூண்டப் பாக்கறா. மரச்சீவலப் பாக்கறா.

ஏம்மா, எங்க கெளம்பிட்ட? ஒரு நிமிஷம் நில்லு. குத்தவாளி பேரு எழுதியாச்சுல்ல, அப்படியே விட்டுட்டுப் போனா எப்படி? பின்சீட்டுக் கதவக் கொஞ்சம் தெற, நானே ஏறிக்கறேன். வெலங்குகூட வேண்டாம். என்னம்மா, கையக் காட்டிட்டுப் போற? டெல்பர்ட், சிரிக்காதடா, டீக்கன வாங்கி ஒரு நிமிஷம் வச்சுக்க.

வேணாம், குடு. நானே பிடிச்சுக்கறேன். வந்துட்டேன், ஆர்டித்.