கீற்று விழுந்த துலிப்

முதுகுவலிக்காரன் நான், ஐயா, உட்கார்ந்தே சொல்கிறேன்.

ஏப்ரலில் துலிப் பூத்தால் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஜனங்கள் ரயிலேறி வேடிக்கை பார்க்க வருவார்கள். எனக்கு அலுப்புதான் வரும். வரிசை வரிசையாகக் குனிந்து நடந்து நோய்ச்செடி தேடுவது என் வேலை. சிவப்புப் பூவில் வெள்ளைக் கீற்று ஓடியிருந்தால் அது நோய். வயலிலேயே அழகான பூவும் அதுதான். கிழங்கோடு பிடுங்கிவிட வேண்டும். விட்டால் அசுவினிப் பூச்சி அந்த நோயைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோய்விடும். வெயிலில் கீற்று தெரியாது என்பதால் குடை பிடித்துக்கொண்டு நடப்பேன்.

என் தம்பி ஹார்மென் கால் முறிந்து, மாவுக்கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் களைத்து வந்து பட்டாணி சூப்பைக் குடித்துவிட்டுத் தூங்குகிறவன். அவன் பேசுகிறவன்.

ஒரு நாள் மதியம், கொல்லைத் தோட்டத்தில் என் மனைவி நேல்ச்சே கேட்டாள்: "பூவுக்குக் குடை பிடிக்கிற மனுஷன், எனக்கு ஒரு நாளாவது பிடிச்சிருக்கீங்களா?"

"நீங்களும் மூஞ்சியில ஒரு கீத்தப் போட்டுக்கிட்டு நில்லுங்க அண்ணி," என்றான் ஹார்மென். "அண்ணன் குனிஞ்சு குனிஞ்சு பாப்பாரு."

அவள் சிரித்தாள். வெளுத்த கன்னத்தில் சிவப்பு கீற்றாக ஓடியது. கல்யாணமான புதிதில் பார்த்தது. அழகாக இருந்தது. எனக்குக் கவலையாகிவிட்டது.

அவனைக் கிளம்பச் சொன்னேன். "கால ஊனி நடக்குற வரைக்கும் பொறுண்ணே," என்றான்.

"இருந்துட்டுப் போகட்டுமே," என்றாள் அவள். "வீட்டுல பேச்சுச் சத்தம் கேட்டு எத்தனை வருஷமாச்சு."

ஞாயிற்றுக்கிழமை அவள் தேவாலயத்தில் இருந்தாள். பூ பார்க்கலாம் என்று அவனைக் கைத்தாங்கலாக வாய்க்காலின் பலகைப் பாலம் வரை கூட்டிப்போய்த் தண்ணீரில் தள்ளினேன். மாவுக்கட்டு கனம். "அண்ணே" என்று கூப்பிட்டான். தண்ணீர் அடங்கும்வரை நின்றேன். கோபமில்லை, செடியைப் பிடுங்கும்போது யாருக்குக் கோபம் வரும்?

தவறி விழுந்தான் என்று ஊரே நம்பியது. வீடு சுத்தமாகிவிட்டது என்று நானும் நினைத்தேன். ஆனால் அவள் தினமும் மேஜையில் அவன் கோப்பையையும் வைத்துக் காப்பி ஊற்றினாள். அதைப் பார்த்துக்கொண்டே ஆறவிட்டாள். ஒட்டிக்கொண்டுவிட்டது என்று தெரிந்தது. இன்று காலை தலையணையை எடுத்தபோது எனக்கு எவ்வளவு அலுப்பாக இருந்தது தெரியுமா, ஐயா.

பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மாடியில் போய் நீங்களே பாருங்கள். அவள் முகம் இப்போது ஒரே நிறமாக இருக்கிறது.