நரம்பு கிடைக்காத காலை

ஓடுகிறோம். ஆஸ்பத்திரி வராந்தாவெல்லாம் வாந்தி. கால் வழுக்குகிறது. மூன்றாவது ஆம்புலன்ஸின் சைரன் இன்னும் ஓயவில்லை. அதற்குள் வாசலில் நாலாவது. "வழிய வுடுங்க! வழிய வுடுங்க!" யாரோ கத்துகிறார்கள். வெள்ளிக்கிழமை. காலை ஏழேகால்.

இதைப் போர் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்று எங்களோடு நின்றிருந்தால் தெரிந்திருக்கும். அரியலூர்ப் பக்கம் ஒரே ஊர். மழைக்குப் பிறகு குழாயில் வந்த தண்ணீர். விடிவதற்குள் தெருத்தெருவாக வாந்தி, பேதி. வந்த எல்லோருக்கும் நரம்பில் கேனுலா என்ற ஊசிக்குழாய் போட்டு ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும். உடனே.

என்னிடம் இருந்தது ஆறு புது நர்ஸ்கள். சேர்ந்து மூன்று வாரம். கேனுலா போட நான்தான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். ரப்பர் கையில். ரப்பர் கை கத்தாது. அதன் நரம்பு ஓடி ஒளியாது. உடம்பில் தண்ணீர் வற்றினால் நரம்பு ஒட்டிப்போகும். அதை எந்த ரப்பர் கையில் காட்டுவது?

"ரெண்டு தடவைக்கு மேல குத்தாதீங்கடி! கெடைக்கலன்னா என்னைக் கூப்புடுங்க!" கத்துகிறேன். நாலா பக்கமும் "அக்கா! அக்கா!" எனக்கு இருப்பது இரண்டு கை.

ஆரோக்கியமேரி மட்டும் கூப்பிடவில்லை. அதே ஊர்க்காரி. தனக்கு ஒன்றுமில்லை என்று அம்மா போனில் சொன்ன பிறகுதான் ஊசியைத் தொட்டாள். முதல் குத்திலேயே ரத்தம் வருகிறது; நரம்பு கிடைத்துவிட்டது. பிளாஸ்திரி ஒட்டுகிறாள். அடுத்த கட்டில். முதல் வாரம் கை நடுங்கிய பெண்ணா இவள்? கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆம்புலன்ஸ். ஸ்ட்ரெச்சரில் ஒரு அம்மாள். கண் உள்ளே போய்விட்டது. நாடி விரலுக்கு எட்டவில்லை. முந்தானையை விலக்குகிறேன். இரண்டு கையிலும் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீலம், கறுப்பு, ஆறிய மஞ்சள். எல்லாம் ஊசி குத்திய தடம். குத்த ஒரு நரம்பு மிச்சமில்லை.

"எந்தப் பாவிடி இந்தக் கையை இப்புடிக் கொத்தி வெச்சது?"

பின்னால் ட்ரே விழுந்தது.

"எங்கம்மா இது, அக்கா. நாந்தான் குத்துனேன்." மேரி. "அதுதான் கைய நீட்டுச்சு. நீ கத்துக்கணும், குத்து பாப்பான்னுச்சு. தெனமும்."

வீட்டில் யார் கையையாவது தடவி நரம்பு பழகுங்கள் என்று சொல்லியிருந்தேன். தடவ மட்டும். இவள் வார்டிலிருந்து ஊசியும் எடுத்துப் போயிருக்கிறாள்.

காலில் தேடுகிறேன். இல்லை. டாக்டர் கழுத்தில் தேடுகிறார். இல்லை. "மேரி, வாடி! நீ போடு!" அவள் அம்மாவின் கணுக்காலைப் பிடிக்கிறாள். கை நடுங்கவில்லை. இரண்டாவது குத்தில் ரத்தம். ட்ரிப்ஸ் ஓடுகிறது. ஓடுது, ஓடுது என்று எல்லோரும் கத்தினோம். நாடி திரும்பவில்லை. டாக்டர் நெஞ்சை அழுத்தி அழுத்திக் களைத்தார். எட்டு இருபதுக்கு நிறுத்தினார்.

அன்று வந்தவர்கள் அறுபத்திரண்டு பேர். இறந்தவர்கள் இரண்டு பேர். நாலு வயதுப் பையன் ஒருவன். மேரியின் அம்மா, முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்த லூர்துமேரி, நாற்பத்தாறு வயது.

ஆரோக்கியமேரி கேனுலா போட்ட மற்றவர்கள் பத்தொன்பது பேர். பத்தொன்பது பேரும் வீடு திரும்பினார்கள். அவள் வேலைக்குத் திரும்பவில்லை.