வியாழனின் நிலவில் ஓர் இறால் கம்பெனி

டீ நன்றாக இருக்கிறது மேடம். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை.

என் பெயர் சந்திரமோகன். கும்மிடிப்பூண்டியில் இறாலை உரித்து, உறைய வைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில், விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு அதிகாரி. அது பிழைப்பு. மற்றபடி நான் இலக்கியவாதி. அறிவியல் புனைகதை, மாயக்கதை இரண்டும் என் துறை. நானே எழுதிய கதைகளுக்கு வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் மட்டும்தான் வரும். ஆனால் அடுத்தவர் கதையை நான் பரிந்துரைத்தால் திருவள்ளூர், செவ்வாப்பேட்டை வரைக்கும் உட்கார்ந்து படிப்பார்கள். என் ரசனை மீது அவ்வளவு நம்பிக்கை.

இளமதி பழவேற்காட்டுப் பெண். அவள் அப்பா ஏரியில் வலை போடுகிறவர். இவளுக்கு எங்கள் கம்பெனியில் பேக்கிங் வேலை. நான் சொன்ன கதை எதையும் அவள் படிக்காமல் விட்டதில்லை. ஒருநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவோடு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், கம்ப்ரசர் ரூமாண்ட போனா கண்ணு எரியுது சார். அந்த வால்வு கசியுது. அங்க இறால் உரிக்கிற எங்க அத்தை கங்கம்மா நேத்துலேர்ந்து இருமிக்கினே கீது. மாத்தச் சொல்லுங்க சார்."

அவள் சொன்னது சரிதான். உறைய வைப்பதற்கான அமோனியா ஓடும் குழாய் அது. வால்வு தேய்ந்திருப்பது எனக்கு முன்பே தெரியும். மாற்றுவதென்றால் பிளான்ட்டை நிறுத்த வேண்டும். மேனேஜர் அருணாச்சலம், "சீசன் முடியட்டும் மோகன்" என்று சொல்லியிருந்தார். எனக்குப் பதவி உயர்வு வரவேண்டிய நேரம். அதை மறைக்க விரும்பவில்லை.

"இப்படிச் சொன்னா இது வெறும் புகார்மா, யாரும் கண்டுக்க மாட்டாங்க. கதையா எழுது" என்றேன்.

"எழுதினா மாத்துவாங்களா சார்?"

"உலகத்தையே மாத்தலாம்."

எழுதிக்கொண்டு வந்தாள். குழாய்க்குள் ஒரு பாம்பு இருக்கிறது, அது மூச்சு விட்டால் இறால் உரிக்கும் பெண்களுக்குக் கண் எரிகிறது. நன்றாகவே எழுதியிருந்தாள். ஆனால் கும்மிடிப்பூண்டி வாடை கொஞ்சம் தூக்கல். திருத்தினேன். கம்பெனியை வியாழனின் நிலவுக்குக் கொண்டுபோனேன். பெண்களுக்குச் செவுள் வைத்தேன். வால்வைப் பச்சை நிறக் கண்ணாக்கினேன். மேனேஜரை எடுத்துவிட்டேன், கதையோட்டத்துக்கு அவர் இடைஞ்சலாக இருந்தார். பிறகு, 'இந்த ஆண்டின் மகத்தான கற்பனை' என்று குழுவில் பரிந்துரைத்தேன்.

கொண்டாடிவிட்டார்கள். கம்பெனியிலும் எல்லோரும் படித்தார்கள். அதற்குப் பிறகு யாராவது மூக்கைப் பொத்தினால், "இன்னா, பாம்பு மூச்சு உடுதா?" என்று சிரிப்புதான். ஸ்டோர் சபரிநாதன் உஸ்ஸென்று சீறியே காட்டுவான். இலக்கியம் தொழிலாளிகளிடம் இப்படிப் போய்ச் சேர்ந்து நான் பார்த்ததில்லை.

இளமதிக்கு மட்டும் அதில் சந்தோஷமில்லை. இறால் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் ஆய்வாளர் ஒருவர் வந்தபோது, குறுக்கே வந்து நின்று வால்வைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் பதறவில்லை. "எங்கள் எழுத்தாளர்" என்று அறிமுகப்படுத்தி, கதையை என் போனில் எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். "அபாரமான கற்பனை" என்று அவளுக்குக் கை கொடுத்தார், கையெழுத்தும் கேட்டார். அவள் பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்தது. முதல் கையெழுத்து அல்லவா.

அடுத்த வாரம் வால்வு பிய்த்துக்கொண்டது. வாடை முதலில் லேசாகத்தான் வந்ததாம். "கேஸு! ஓடுங்க!" என்று இளமதி கத்தியிருக்கிறாள். உரிக்கும் மேசையில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். சிரித்து முடிப்பதற்குள் வெள்ளையாகப் புகை சூழ்ந்துவிட்டது. சிலரை வெளியே இழுத்துப் போட்டாள். அத்தைக்காகத் திரும்பவும் உள்ளே போனாள். கங்கம்மாவோடு சேர்த்து மூன்று பெண்கள் போய்விட்டார்கள். இளமதிக்கு ஒரு கண் முழுதாகப் போனது. இன்னொன்றில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம்.

ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"சார், அது கதை இல்லன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் சார்?"

ஆப்பிளைக் கட்டிலருகே வைத்துவிட்டு வந்தேன். இரண்டாம் பாகம் பற்றிப் பேச அது நேரமில்லை என்று பட்டது.

சைரன் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டீர்கள். வாயு கசிந்தால் அது தானாக அலறும். ஆய்வாளர் வருகிற அன்று காலையில் விட்டு விட்டு அலறிக்கொண்டிருந்தது. நான்தான் ஒயரைப் பிடுங்கினேன். அவர் போன பிறகும் மாட்டவில்லை. மறதி என்று எழுதாதீர்கள் மேடம். மாட்டினால் மறுபடி அடிக்கும், அடித்தால் பிளான்ட் நிற்கும். அப்புறம் அந்தக் கதையை யாரும் கதையாகப் படிக்கமாட்டார்கள்.

ஒரு வருத்தம்தான் எனக்கு. அப்படிப்பட்ட வாசகியால் இனிமேல் படிக்க முடியாதே என்று. அதனால் நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்த நாள் வரைக்கும், தினம் ஒரு நல்ல கதையை நானே வாசித்துப் பதிவு செய்து அவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒன்றைக்கூட அவள் இன்னும் திறக்கவில்லை. தேர்ந்த வாசகர்கள் அப்படித்தான், எல்லாவற்றையும் சேர்த்து வைத்து நிதானமாகக் கேட்பார்கள்.