உப்பில்லாத அண்டா

நாய்க்குச் சோறாக்குகிறவர்கள் பெரும்பாலும் உப்பில்தான் தவறு செய்வார்கள், மேடம். சப்பென்று இருக்கிறதே என்று ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுவிடுவார்கள். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளே போன உப்பு சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். வெங்காயம் அதைவிட மோசம், ரத்தத்தைக் கெடுக்கும். வேகவைத்த எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். குருணை அரிசி, ஆட்டுத் தொண்டைக்குழல், கொஞ்சம் ஈரல், ஒரு சிட்டிகை மஞ்சள். இது போதும்.

இதை ஹக்கீம் மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். உத்தமபாளையத்தில் பிரியாணிக்கடையும் கறிக்கடையும் வைத்திருந்த மனிதர், தினமும் உப்பில்லாமல் வெங்காயமில்லாமல் தனியாக ஓர் அண்டா ஏற்றக் கற்றுக்கொண்டார். ஆறு வருஷம். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் அண்டாவை மொபட்டில் கட்டிக்கொண்டு அவரே வருவார். அவர் கையாலேயே பரிமாறுவார்.

என் பெயர் விஜயபாண்டி. சொந்த ஊர் கோம்பை. தொழில், போர்வெல் மோட்டார் ரிப்பேர். எங்கள் ஊர் நாய்க்குப் பேர் இருப்பதால் எங்கெங்கிருந்தோ வந்து குட்டி வாங்கிப் போவார்கள். அது வளர்ந்து பக்கத்து வீட்டுக்காரனைக் கடித்தாலோ, சொறி பிடித்தாலோ, காரில் கொண்டுவந்து எங்கள் ஊர் எல்லையிலேயே இறக்கிவிட்டுப் போவார்கள். அப்படி வந்தவை இருபத்திரண்டு. மலையடிவாரத்தில் மாமாவின் திராட்சைத் தோட்டத்தில் ஒரு பழைய கொட்டகை இருந்தது. அதை எனக்குச் சும்மா கொடுத்தார். தரையை நான்தான் ஒரு பக்கமாகச் சரித்துப் பூசினேன், கழுவினால் தண்ணீர் தேங்காது. கழிப்பறைத் தொட்டியில் இருக்கும் மிதவை வால்வைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் பொருத்தினேன். நாய் குடிக்கக் குடிக்கத் தானாக நிரம்பும். நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும். நல்ல அமைப்பு.

மாசி மாதம் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போன ஜீப் ஒன்று கம்பம் மெட்டு வளைவில் கவிழ்ந்தது. மூன்று பேர் அங்கேயே போய்விட்டார்கள். ஐந்து பேர் படுக்கையில். அதில் ஒருத்தி சுருளிப்பட்டி இருளம்மாள், முன்பு மாமாவின் தோட்டத்தில் பழம் வெட்டியவள். அவளைப் பார்க்கப் போனவர் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்.

"மாப்ள, இந்தக் கொட்டகைய அந்தப் பொம்பளைகளுக்கு விட்டுரலாம்னு இருக்கேன். கட்டில் போட்டு, பாத்துக்கிட ஒரு ஆள வைப்போம். அண்டாவும் இனி அவுகளுக்குத்தான். மீதி வந்தா நாய்களுக்குக் குடுப்போம்."

மனிதருக்கு வாய் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ள முடியும், வாயில்லாததுக்குக் கொடுப்பதுதான் தர்மம் என்று நான் நிதானமாக எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நாயாச்சும் நாலு வாசல்ல போயி நிக்கும் மாப்ள. இருளம்மா எங்கன போயி நிப்பா? இடுப்புக்குக் கீழ உசுரே இல்ல. உனக்கு ஒரு பொண்டாட்டி இருந்திருந்தா இது புரிஞ்சிருக்கும். புரியலன்னா கடிச்சாவது புரிய வச்சிருப்பா."

நானும் சிரித்தேன். நான் கோபக்காரன் இல்லை. எந்த வீட்டிலும் என்னைப் பற்றி விசாரித்துப் பாருங்கள், மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர்கள் எவ்வளவு ஏசினாலும் பொறுமையாகப் பதில் சொல்லுவேன். ஆனால் 'மீதி' என்ற வார்த்தை மட்டும் எனக்குள் நின்றுபோனது. ஆறு வருஷம் முதல் பந்தியில் சாப்பிட்ட பிள்ளைகள்.

அடுத்த சனிக்கிழமை கட்டில் வருகிறது என்றார். அதற்குள் அவர் இல்லாமல் போனால், அவர் மனைவி ரம்லத் அத்தை எதையும் மாற்ற மாட்டார்கள். அவர் விட்டுப்போனதை விட்டுப்போனபடியே வைத்திருப்பார்கள். அத்தையின் குணம் அது. ஆகவே தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்றுதான்.

எங்கள் மலையில் செந்நாய் உண்டு. கூட்டமாக இறங்கி ஆட்டைக் கிழித்துப் போட்டிருக்கிறது. செந்நாய்ப் பல்தடத்துக்கும் நாய்ப் பல்தடத்துக்கும் வித்தியாசம் காண்பது எளிதில்லை. கிழிந்த உடம்பைத் தோட்டத்து ஓரத்தில் போட்டுவிட்டால் செந்நாய் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கோம்பை நாய் வேட்டையாடும் முறையும் கிட்டத்தட்ட அதுதான். ஒன்று முன்னால் நின்று போக்குக் காட்டும். ஒன்று பின்னங்கால் நரம்பைக் கவ்வும். விழுந்ததும் மற்றவை வயிற்றுக்கும் கழுத்துக்கும் போகும். பன்றி வேட்டையில் பார்த்திருக்கிறேன், எல்லாம் சேர்ந்து நாலைந்து நிமிஷம். அதற்குத் தேவை பசி மட்டும்தான்.

திங்கட்கிழமை மாமாவுக்குப் போன் செய்து, கொட்டகையில் வாந்திபேதி நோய் வந்திருக்கிறது, உங்கள் செருப்பில் ஒட்டிக் கடைக்கு வந்துவிடும், உள்ளே வராதீர்கள் என்றேன். பாவம், பயந்துவிட்டார். நான்கு நாளும் அண்டாவை கேட் ஓரம் இறக்கி வைத்துவிட்டு, எப்படி இருக்குதுக என்று வெளியிலிருந்தே கேட்டுவிட்டுப் போனார். நான் அந்தச் சோற்றைத் திராட்சைக் கொடி நடத் தோண்டிய குழியில் கொட்டிச் சுண்ணாம்பு தூவி மூடினேன். சுண்ணாம்பு போட்டால் வாடை எழாது. தண்ணீரை நிறுத்தவில்லை. அது கொடுமை. மூன்றாம் நாள் கிழட்டு நாய் ஒன்று செத்தது. அதற்கு ஏற்கெனவே ஈரல் கெட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை, நோய் தீர்ந்துவிட்டது, இன்று சோறு நானே ஆக்கிவிட்டேன், சும்மா வந்து பாருங்கள் என்றேன். ஜும்மா முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தார். உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

இருபத்தொன்றும் எழுந்து வந்தன. செவலிதான் முன்னால். அதுதான் இருப்பதிலேயே மூர்க்கமான நாய், கருத்த மூஞ்சி. மாமாவைச் சுற்றி வளைத்தன. நான் சொன்ன அதே அமைப்பு. பிறகு செவலி அவர் காலடியில் படுத்து வயிற்றைக் காட்டியது. மற்றவை அவர் கையை நக்கின. விரல் இடுக்கெல்லாம் நக்கின.

இந்த இடத்தில் என் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாம் யோசித்தவன் இதை யோசிக்கவில்லை. ஆறு வருஷமாக அவற்றின் மூக்கில் சோற்றின் வாடையும் அந்தக் கையின் வாடையும் ஒன்றாகவே ஏறியிருக்கிறது. பசி கூடக்கூட அவர்மேல் பாசம்தான் கூடும்.

அவர் குனிந்து செவலியின் விலாவைத் தடவினார். ஒவ்வோர் எலும்பாகத் தடவினார். அண்டா எங்கே என்று பார்த்தார். அண்டா காய்ந்து கவிழ்ந்து கிடந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏலே, நீயா பட்டினி போட்ட?"

நான் கதவைத் திறந்து உள்ளே போனேன்.

"சரி விடு. அப்புறம் பேசிக்கிடலாம். முதல்ல இதுகளுக்கு ஏதாச்சும் போடு மாப்ள, கண்ணு சொருகுது பாரு."

அவர் எனக்கு முதுகைக் காட்டி மறுபடி குனிந்தபோது பைப் ரெஞ்சால் அடித்தேன். அது இரண்டடி நீளம். கைப்பிடியின் நுனியைப் பிடித்து வீசினால் கனம் முழுவதும் தலைப்பக்கம் போய்ச் சேரும், அதிக பலம் வேண்டாம். முதல் அடி காதுக்கு மேலே. முழங்கால் மடங்கித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்தார். இரண்டாவதில் கை விட்டுவிட்டது. முகம் தொட்டிக்குள் போனது. தலை அழுத்தியதில் மிதவை வால்வு திறந்து தண்ணீர் வந்தது, சிவப்பாக வழிந்தது. இழுத்துக் கீழே போட்டேன். மூச்சு இழுத்தது. கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் காற்று வாங்கும்போது ஒரு சத்தம் வரும், அதே சத்தம். அந்தச் சத்தம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். மூன்றும் நான்கும் அதற்காகத்தான்.

ஐந்தாவதுக்குக் கை ஓங்கியபோது செவலி என் முழங்கைக்குக் கீழே கவ்வியது. எலும்பு வரை. உங்கள் ஆட்கள் பதினாலு தையல் என்றார்கள்.

ரெஞ்சுத் தடம் பல்தடம்போல இருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் நாய்களுக்கு நான்கு நாள் பசி. உடம்பை உள்ளேயே விட்டுவிட்டுப் பூட்டினால் மாலைக்குள் தடம் எல்லாம் போய்விடும் என்று நினைத்தேன். பூட்டிவிட்டு வேப்பமரத்தடியில் கையைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே சத்தமே இல்லை. ஆறு மணிக்கு அவரைத் தேடிக்கொண்டு ரம்லத் அத்தை ஆட்டோவில் வந்தார்கள். சாவியைக் கேட்டார்கள். கொடுத்தேன்.

அத்தை நாலாம் நாளே அண்டா ஏற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒன்று உப்புப் போட்டு இருளம்மாள் வகையறாவுக்கு, ஒன்று உப்பில்லாமல் நாய்களுக்கு. இரண்டு அண்டா. அப்படி ஒரு வழி இருப்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் எழுதிய வாக்குமூலத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் மாற்ற வேண்டும், மேடம். செவலி அவரைக் காப்பாற்றுவதற்காக என்னைக் கடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பசியில் கடித்தது. நான் வளர்த்த நாய், எனக்குத் தெரியும். பசியில் கடித்த நாய், நாலு மணி நேரம் பக்கத்தில் கிடந்த உடம்பின்மேல் தலைவைத்துப் படுத்திருந்ததே, ஏன் ஒரு வாய்கூட வைக்கவில்லை என்று கேட்டீர்கள்.

அதற்கும் ஒரு காரணம் இருக்கும். யோசித்துச் சொல்கிறேன்.